ஏழாம் எண் சொன்ன குடைக் கதை

1.

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள், நல்ல எழுத்தில், நாலு பக்கத்துக்குக் குறையாமல் வேண்டும் என்றார். இன்று வெள்ளி.

அவருக்கென்று ஒரு பிரதி தயாராகிறது. நீங்கள் வாசிப்பது அதுவல்ல. இது அடித்தல் திருத்தலோடு என் பெட்டிக்குள் இருக்கப் போகிற கொப்பி. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். (இங்கேயும் ஒன்றைச் சொல்ல மாட்டேன். அது பிறகு.)

கதை நன்றாக அமைந்தால் பொன்னையா என்பவருக்கு ஒரு கடிதம் கிடைக்கும். அமையாவிட்டால் கிடைக்காது. 1936 முதல் இந்தத் தோட்டத்திலேயே குடியிருக்கிறார் என்று ஆபீஸ் தரவேண்டிய கடிதம் அது. அதில்லாமல் பதினெட்டாம் திகதி நுவரெலியாவில் நடக்கும் பிரஜாவுரிமை விசாரணைக்குப் போனால், போனது போலத்தான் வருவார். பொன்னையாவுக்குக் கதைகளில் ஆர்வம் கிடையாது. இந்தக் கதை எழுதப்படுவதே அவருக்குத் தெரியாது.

என் பெயர் மார்கிரட். வயது இருபத்து மூன்று. பகலில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும், செவ்வாய் வியாழன் மாலை ஆறிலிருந்து ஏழுவரை பெரியவர்களுக்கும் படிப்பிக்கிறேன். தோட்டம் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதன் பெயரை எழுதவில்லை. மறதியால் அல்ல.

2.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "மலைமுகட்டில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில்" என்று போனது. அடித்துவிட்டேன். பனி இறங்கியது உண்மைதான். ஆனால் நாங்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். பார்க்காததை அழகாக எழுதினால் பார்த்ததையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது: "ஒரு தோட்டத்தில் அம்மாக்கண்ணு என்றொருத்தி இருந்தாள்." இது பிடித்திருந்தது. கற்பனைப் பாத்திரம், யாருக்கும் வில்லங்கமில்லை என்று நினைத்தேன். பிறகு எண்ணிப் பார்த்தால் எங்கள் தோட்டத்தில் மூன்று அம்மாக்கண்ணுகள். திங்கட்கிழமை மூன்று பேரையும் ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் இல்லாத ஒரு பெயரை அரைமணி நேரம் தேடினேன். கிடைத்தவையெல்லாம் மகாராணிகளின் பெயர்களாக இருந்தன.

மூன்றாவது: "ஏகாதிபத்தியம் என்பது—"

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஆனால் உண்மையில் தொடங்கியது இதில்தான்.

3.

எங்கள் வகுப்பு பிள்ளைக்காம்பராவில் நடக்கிறது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. மாலையில் குழந்தைகள் போய்விடும். தொட்டில் துணிகள் மட்டும் வரிசையாகத் தொங்கும். அவற்றுக்குக் கீழே பாய் விரித்துப் பதினொரு பேர் உட்காருவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ராக்காயி கடலைப் பொட்டலம் சுற்றிவந்த ஒரு பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்தார். கொழுந்தெடுக்கும் பெண்களில் வாசிப்பில் வேகமானவர் அவர். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "ஏ… கா… தி… பத்… தி… யம்," என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வாசிச்சிட்டேன் டீச்சர். அப்பிடின்னா என்னாங்க?"

ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பிடித்து ஆளுவது என்றேன். பதினொரு பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆகவே ஓர் உவமை சொன்னேன். (அப்போதுதான் அந்த நேரத்தில் கட்டியது. தயாரித்துக்கொண்டு போகவில்லை. என் பாடக் குறிப்பில் அன்றைக்கு இருந்தது கழித்தல் கணக்கு.)

"நல்ல மழை. ஒருவர் கையில் குடையோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து ஒதுங்குகிறார்…"

"கொட இருந்தா எதுக்குங்க ஒதுங்கணும்?" என்றார் ஆண்டியப்பன். கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடியை வெட்டுகிற வேலை அவருக்கு. என் வாக்கியங்களையும் விடமாட்டார்.

"காற்றும் அடித்தது," என்றேன். "முதல் நாள் வாசலில் நிற்கிறார். அடுத்த நாள் அடுப்படியில் குளிர் காய்கிறார். ஒரு வருடத்தில் அவர் உள்ளே, நீங்கள் வாசலில். உங்கள் விறகை அவரே எண்ணித் தருகிறார்."

"டீச்சர், எங்க காம்பராவுல நாங்களே ஒம்பது பேரு. அவரு எங்கிட்டு ஒதுங்குவாரு? கூரையிலயா?" என்றார் ஆண்டியப்பன் மறுபடி.

"ஒன்னைய வெளிய தள்ளிட்டு ஒதுங்குவாருய்யா," என்றார் பேச்சியம்மா. பிள்ளைக்காம்பராவின் ஆயா. பகல் முழுக்க அங்கேயே இருப்பவர், மாலையிலும் போகப் பிடிக்காமல் படிக்க உட்கார்ந்தவர். "ஒன் பொண்டாட்டி சந்தோசமா சம்மதிப்பா."

சிரிப்பு அடங்கிய பிறகு, வியாழக்கிழமைக்கு ஒரு வேலை கொடுத்தேன். இதே கதையை ஆளுக்கொரு பக்கத்திலிருந்து யோசித்து வாருங்கள். வீட்டுக்காரர் எப்படிச் சொல்வார், வந்தவர் எப்படிச் சொல்வார்.

4.

வியாழக்கிழமை பேச்சியம்மா வந்தவராக எழுந்து நின்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மூக்கைத் தூக்கி, தோட்டத்துத் துரை பேசும் தமிழில் பேசினார்.

"நான் ரோட் போட்டான். ரயில் விட்டான். நானுஓயாவில டேசன் கட்டினான். காட்டிலே ஆஸ்பத்திரி வச்சான். ஒதுங்க வந்த ஆள் இவ்ளோ செஞ்சா, அது தப்பா?"

அது நியாயமாகவே கேட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

"ரோட்டு வெட்டுனது எங்க தாத்தாங்க," என்றார் ஆண்டியப்பன் மெதுவாக. "நீங்க பக்கத்துல நின்னீங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க தொரை."

அடுத்து ராக்காயி. அவர் வீட்டுக்காரராக வந்தார். ஆனால் நான் எதிர்பார்த்த வீட்டுக்காரராக அல்ல. கீழே நாட்டிலிருந்து, அதாவது மலையடிவாரச் சிங்களக் கிராமத்திலிருந்து, சம்பள நாளில் பலாக்காய் விற்க வரும் மனிதரைப் போலத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார்.

"இந்த மலை எங்க பாட்டனோட காடு. மாடு மேச்சோம், காட்ட வெட்டிச் சேனைப் பயிர் போட்டோம். ஒருநா வெள்ளக்காரன் வந்து பத்திரம் எங்கன்னான். காட்டுக்கு ஏதுய்யா பத்திரம்? இப்ப எங்க பலா மரம் நின்ன எடத்துல தேயில நிக்குது. நான் அந்தத் தேயிலைக்குள்ளாறயே வந்து பலாக்கா விக்கிறேன்."

இவ்வளவு நேரமும் அந்த வீட்டுக்காரர்கள் நாங்கள் என்றே நான் நினைத்திருந்தேன். என் உவமையின் அஸ்திவாரத்தில் ஒரு கல் உருண்டது. வேறொருவர் எழுந்தார். என் வருகைப் பதிவில் ஏழாம் எண்.

"டீச்சர், வீட்டுக்காரர் பக்கம் பாத்தாச்சு. வந்தவர் பக்கம் பாத்தாச்சு. அவரு கையில ஒரு கொட இருந்துச்சே, அது பக்கம் யாரும் பாக்கலியே?"

குடையை நான் சும்மா வைத்திருந்தேன். ஒரு காட்சி கண்ணில் தெரிய ஏதாவது பொருள் வேண்டும் என்று வாத்தியார் கலாசாலையில் சொல்லித் தந்திருந்தார்கள்.

"அந்தக் கொடைய அவரு கடலுக்கு அந்தப் பக்கமிருந்து கொண்டாந்தாரு. இங்க விரிச்சாரு. அவருக்கு நனையல, கொடதான் நனைஞ்சிச்சு. இப்ப மழ விட்டுருச்சுன்னு கெளம்பிட்டாரு. கொட மூலையில நிக்குது. வீட்டுக்காரரு அதப் பாத்து, நீ யாரு வீட்டுக் கொட, எடுத்துட்டுப் போங்கன்றாரு. கொண்டாந்தவரு, எனக்கு இனி வேணாம்ன்றாரு. கடலுக்கு அந்தப் பக்கம் கேட்டா, அது எப்பவோ போன கொடைன்றாங்க."

தொட்டில் துணி ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆண்டியப்பன்தான் பேசினார்.

"அப்ப இப்ப அந்தக் கொடயப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது யாரு?"

"அதுக்கு ஆபீசுல ஆளு இருக்கே. அவருக்குத் தல நனையக்கூடாதுல்ல," என்றார் ஏழாம் எண்காரர்.

பதினொரு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அதைப் பாடக் குறிப்புக் கொப்பியில் ஒரு சொல் விடாமல் எழுதினேன். ஆபீஸ் ஆளைப் பற்றிய கடைசி வரியையும்.

5.

இங்கே என் குற்றத்தைச் சொல்லவேண்டும்.

மாலை வகுப்புக்குத் துரை அனுமதி தந்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்: வாரம் ஒருமுறை பாடக் குறிப்பு ஆபீசுக்கு வரவேண்டும். நாலு மாதமாகப் பெரிய கிளாக்கர் அதைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் அதை மறந்து என் சொந்த நாட்குறிப்பு மாதிரி எழுதப் பழகிவிட்டேன். யார் என்ன சொன்னார் என்பதை ஒழுங்காகப் பதிவது என் பழக்கம். ஆனாலும் பெயர் போடவில்லை. அந்த அளவுக்கு எச்சரிக்கையாக இருந்தேன். எண் போட்டேன். வகுப்பில் சேர்ந்த வரிசைப்படி ஒன்றிலிருந்து பதினொன்று வரை.

அந்த வாரம் துரை கொழும்பில். அடைமழை. கிளாக்கருக்கு வேலை குறைவு. கொப்பியைத் திறந்து வாசித்துவிட்டார்.

தோட்டத்தில் எண் என்றால் ஒன்றுதான்: செக்குரோல் எண். பெரட்டுக் களத்தில் காலையில் ஆளைக் கூப்பிடும் பதிவேட்டில் உள்ள எண். நானும் இந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

செக்குரோலில் ஏழாம் எண் பொன்னையா. கான், அதாவது வடிகால், வெட்டுகிறவர். வகுப்புப் பக்கமே வராதவர். விசாரணைக்கான கடிதம் வாங்க ஆபீசுக்குப் போனவரை, "கடிதம் கிடக்கட்டும், முதல்ல அந்தக் குடைக் கதைக்கு மறுமொழி சொல்லும்," என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் லயத்துக்கு வந்து எல்லோரையும் கேட்டாராம்: "நான் என்னாதான் சொன்னேன்? யாராச்சும் சொல்லுங்களேன்." சொல்லியிருக்கிறார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் சொல்லியிருக்கேன்," என்றாராம்.

இதை ஆண்டியப்பன் எனக்குச் சொன்னபோது சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பதினெட்டாம் திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

6.

பெரிய கிளாக்கர் முத்துலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைக் கண்டதும் நாற்காலியைக் காட்டினார். கொப்பி அவருக்கு முன்னால் விரித்திருந்தது.

"பிள்ளை, உம்மட எழுத்து வடிவான எழுத்து. வாசிக்க வாசிக்க நல்லாயிருந்தது. கடைசி வரி மட்டும்…"

"ஐயா, அந்த ஏழு பொன்னையா இல்ல. அது வகுப்பு எண்."

"அப்பிடியோ? அப்ப வகுப்பில ஏழு ஆர்?"

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும் என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள். பெயரைச் சொன்னால் பொன்னையாவின் கடிதம் வரும். ஆனால் ஏழாம் எண்காரரின் குடும்ப மனுவும் இதே மேசையில்தான் கிடக்கிறது. சொல்லாவிட்டால், வகுப்புக்கு வந்து சிரிக்கக்கூடச் செய்யாத ஒரு மனிதர் தண்டனை அனுபவிப்பார்.

"யாருமில்லை ஐயா," என்றேன். "நான் கற்பனையாக எழுதினது. பாடத்துக்கு ஒரு கதை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கதையெண்டால் முன்னும் பின்னும் இருக்கவேணும். நடுத்துண்டு மட்டும் கிடக்கு. முழுசா எழுதிக்கொண்டு வாரும். வாசிச்சுப் பாத்துத்தான் அது கதையோ, இல்லாட்டி ஆரேனும் சொன்னதோ எண்டு சொல்லுவன்."

7.

கிளாக்கருக்கான பிரதியில் என்னைத் தொந்தரவு செய்த பாத்திரம் கிளாக்கரேதான். முதலில் அவரை வில்லனாக எழுதினேன். தடித்த மீசை வைத்தேன். (அவருக்கு மீசை இல்லை.) பிறகு நல்லவராக எழுதினேன், அது அவருக்கே நம்பும்படி இருக்காது. கடைசியில் அவரை வெறுமனே ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டேன். குடைக் கதையை ஒரு டீச்சர், அதாவது நான், மழை நாளொன்றில் சன்னலோரமாக நின்று யோசித்ததாக எழுதினேன். நன்றாகவே வந்தது. அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

திங்கட்கிழமை அவர் என் எதிரிலேயே வாசித்தார். சிவப்புப் பென்சிலால் இரண்டு எழுத்துப் பிழை திருத்தினார்.

"கதை எண்டே வைச்சுக்கொள்ளுவம்," என்றார். பிறகு, "இதில ஒரு குறை. இந்தக் கிளாக்கர் ஆரின்ர குடைக்குக் கீழ நிக்கிறான் எண்டு நீர் எழுதேல்லை. நான் இருக்கிற வீடும் தோட்டத்து வீடு. பென்சன் எடுக்கிற அண்டைக்கு வீட்டைப் பூட்டித் திறப்பைக் குடுத்திட்டுப் போகவேணும். பாதிக் குடைக்குள்ள நிக்கிறவனும் நனைவான், பிள்ளை."

இதை அந்தப் பிரதியில் சேர்க்க அனுமதி கேட்டேன். வேண்டாமென்றார். ஆகவே இங்கே சேர்த்திருக்கிறேன்.

பொன்னையாவின் கடிதத்தை அன்றைக்கே டைப் அடித்துத் துரையிடம் கையெழுத்து வாங்கினார். 1936 என்பதை இருமுறை சரிபார்த்தார். கொப்பியைத் திருப்பித் தரும்போது, "இனிமேல் கணக்குப் பாடம் மட்டும் எழுதும். ஆர் என்ன சொன்னது எண்டு எழுதாதையும்," என்றார். அது கட்டளையா, உதவியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

8.

கதை இங்கே முடிந்திருக்கலாம். இரண்டு முடிவுகள் எழுதியும் வைத்தேன். ஒன்றில் வீட்டுக்காரர் குடையை எடுத்து, வெயிலில் காயவைத்து, இது இந்த வீட்டுக் குடைதான் என்று ஆணியில் மாட்டுகிறார். மற்றதில் யாரோ அதைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். முதலாவதை நம்ப முடியவில்லை. இரண்டாவதை எழுத மனமில்லை, பாதியில் நிறுத்தினேன்: "கப்பல் புறப்பட்டபோது குடைக்குத் தெரிந்த ஒரே—"

அடுத்த செவ்வாய் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் ஏழாம் எண்காரர் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தக் கொடக் கதைய நீங்களே கட்டுனதா ஆபீசுல சொன்னீங்களாமே டீச்சர்?"

"பொன்னையாவைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை."

"அது சரிதான். நானே போயி நான்தான்னு சொல்லியிருக்கணும். எங்க குடும்ப மனு அங்க கெடக்கு, அதனால வாயப் பொத்திக்கிட்டேன். அதுக்கு ஒங்களுக்குப் புண்ணியம்." பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த நாரை இழுத்துக்கொண்டே இருந்தார். "ஆனா, ரெண்டு நா வேலக்காட்டுல நின்னுக்கிட்டு யோசிச்சேன் டீச்சர். நானா யோசிச்சேன். நாங்க செய்றதெல்லாம் பெட்டியில அடச்சு எவனோ பேரு போட்டுத்தான் கப்பல்ல போகுது. இதுவும் அப்பிடியே போயிருச்சே."

அவரைக் காப்பாற்ற நான் செய்த காரியத்துக்கும், ராக்காயி எழுத்துக்கூட்டி வாசித்த அந்தச் சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அப்போது அளக்கத் தோன்றியது. அதிகமில்லை.

"வீட்டில் இன்னொரு கொப்பி இருக்கிறது," என்றேன். "அதில் உங்கள் பெயரை எழுதிவிடுகிறேன். யாரும் பார்க்கமாட்டார்கள்."

"ஆபீசுக்குப் போன கொப்பியையுந்தான் யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சீங்க."

சரிதான்.

"இப்ப வேணாம் டீச்சர். பிரஜாவுரிமக் கடுதாசி கைக்கு வரட்டும். வந்த அன்னைக்கி நானே வந்து எழுதிர்றேன். எம் பேர எழுத எனக்கே தெரியும்ல? எடம் மட்டும் விட்டு வைங்க."

9.

மேலே உள்ளதெல்லாம் 1955இல் எழுதியது. ஈரத்தில் கொப்பியின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிட்டதால், ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதுக் கொப்பியில் எடுத்தெழுதினேன். அடித்த வரிகளையும் முடியாத வாக்கியங்களையும் அப்படியே விட்டேன். இன்று 1964 டிசம்பர் மாதம் ஆறாம் திகதி. எங்களில் பாதிக்கு மேற்பட்டோரைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்ப இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டு ஐந்து வாரம்.

முடிவை உங்களிடம் தருகிறேன், ஒரு வேண்டுகோளோடு. ஏழாம் எண் யார் என்று நீங்கள் ஊகிக்க வேண்டாம். ஆணா பெண்ணா என்றுகூட வேண்டாம். இதுவரை என் வாக்கியங்களை அதற்கு ஏற்றபடிதான் அமைத்து வந்தேன். கீழே ஒரு வரி இருக்கிறது. நீங்கள் வாசிக்கும் நாளில் அந்த வரி எப்படி இருக்கிறதோ, அதுதான் முடிவு.

குடைக் கதையைச் சொன்னவர்: ..............................